நர்சிங் மாணவரின் முதல் வார்டு போஸ்டிங்: கை நடுங்காமல் நிற்க ஒரு வழிகாட்டி

முதல் முறை வார்டுப் பயிற்சிக்கு (போஸ்டிங்) போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது "தைரியமாக இரு" என்பதுதான். எதைச் செய்தால் தைரியம் வரும் என்று யாரும் சொல்வதில்லை. மதுரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் படித்தபோது நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. அல்லது ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முதலாம் ஆண்டில் சேர்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கூச்ச சுபாவம் உள்ளவர்களும் பயப்பட வேண்டாம். நான் பார்த்தவரை, வார்டில் நடுக்கம் இல்லாமல் நிற்பவர்கள் வாயாடிகள் அல்லர். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தவர்கள்.

1. சேர்ந்த வாரமே தடுப்பூசி

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே 160 மணி நேரம் வார்டுப் பயிற்சி உண்டு. இரண்டாம் செமஸ்டரில் 320 மணி நேரம். ஆகவே அட்மிஷன் முடிந்த வாரமே முதல் டோஸைப் போட்டுக்கொண்டால்தான் வார்டில் இரத்தம் கையில் படும் நாளுக்கு முன் இரண்டு டோஸாவது முடிந்திருக்கும். "கல்லூரியில் மொத்தமாகப் போடுவார்கள்" என்று காத்திருந்து, போஸ்டிங் தொடங்கிய பிறகு முதல் டோஸ் போட்டவர்கள் எங்கள் வகுப்பில் பலர்.

மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எதிர்ப்பொருள் அளவு லிட்டருக்கு 10 யூனிட்டுக்குக் குறையாமல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பொருள். தடுப்பூசியின் விலை அதிகமில்லை. டைட்டர்தான் தனியார் ஆய்வகத்தில் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை வீட்டில் இருந்தால் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அம்மை வந்ததே இல்லை என்றால் சின்னம்மைத் தடுப்பூசியைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். அதன் விலை பல மடங்கு அதிகம் என்பதால் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவை எப்போதும் இருக்கட்டும்: தடுப்பூசி அட்டை, மருத்துவத் தகுதிச் சான்றிதழ், இரத்த வகை அறிக்கை, கல்லூரி அடையாள அட்டையின் நகல், ஆதார் நகல், ஏழெட்டுப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போதெல்லாம் இவற்றையே மறுபடி கேட்பார்கள். அசல்களை வார்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

தனியார் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அரசு மருத்துவமனையில் பயிற்சிக்காக ஒரு கட்டணம் உண்டு. அது ஆண்டுக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியாக வசூலிப்பார்களா என்று சேரும்போதே கேளுங்கள். தனியாக என்றால் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். "கிளினிக்கல் ஃபீஸ்" என்ற பெயரில் நடுவே கேட்கப்படும் தொகை பல வீடுகளில் அந்த மாத வட்டியாக மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

2. வாங்க வேண்டியதும் வாங்கக் கூடாததும்

கட்டாயம் வேண்டியது விநாடி முள் உள்ள கைக்கடிகாரம். செல்போனைப் பார்த்து நாடி எண்ண எந்தச் சிஸ்டரும் விடமாட்டார். சீருடையில் குத்திக்கொள்ளும் வகை இன்னும் நல்லது, கை கழுவும்போது நனையாது. அடுத்தது டிஜிட்டல் தெர்மாமீட்டர், சிறிய டார்ச், அளவு நாடா, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், நீலம், கறுப்பு, சிவப்புப் பேனாக்கள், சட்டைப் பையில் அடங்கும் நோட்டு. இவை எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

ஸ்டெதாஸ்கோப்பும் பி.பி. கருவியும்தான் செலவு வைப்பவை. முதல் ஆண்டிலேயே பல ஆயிரம் கொடுத்து லிட்மேன் கம்பெனி ஸ்டெதாஸ்கோப் வாங்காதீர்கள். பி.பி. பார்க்கவும் மூச்சொலி கேட்கவும் சாதாரண ஸ்டெதாஸ்கோப் போதும். தவிர, வார்டில் முதலில் காணாமல் போகும் பொருள் அதுதான். வாங்கியவுடன் குழாயில் பெயரெழுதி ஒட்டிவிடுங்கள். பி.பி. கருவியை இருவர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். சென்னையில் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவிலும், மற்ற ஊர்களில் அரசு மருத்துவமனைக்கு எதிரே உள்ள சர்ஜிகல் கடைகளிலும் நான்கைந்து பேராகப் போய்க் கேட்டால் விலை குறையும். கல்லூரி வழியாக "கிட்" என்று மொத்தமாகத் தந்தால், வெளியே என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சீருடை குறைந்தது மூன்று செட் வேண்டும். ஹாஸ்டல் தண்ணீரை நம்பி இரண்டோடு நிற்காதீர்கள், மழைக்காலத்தில் காயாது. ஷூவை அரை அளவு பெரிதாக வாங்குங்கள். ஆறு மணி நேரம் நின்ற பிறகு கால் வீங்கியிருக்கும்.

3. போஸ்டிங்குக்கு முந்தைய வாரம்: நான்கே திறமைகள்

புத்தகத்தில் நூறு செய்முறைகள் இருக்கும். முதல் வாரத்தில் உங்களைச் செய்யச் சொல்லப்போவது பெரும்பாலும் நான்குதான்: கை கழுவுதல், வைட்டல்ஸ் (உடல் வெப்பம், நாடி, மூச்சு, பி.பி. பார்ப்பது), பெட் மேக்கிங் (படுக்கை விரிப்பது), ஸ்பாஞ்ச் பாத் (படுக்கையிலேயே உடம்பைத் துடைத்துவிடுவது). இந்த நான்கையும் ஸ்கில் லேபில் (கல்லூரிப் பயிற்சி அறையில்), தோழியின் கையில், விடுமுறைக்குப் போனால் பாட்டியின் கையில் செய்து பழகுங்கள். கை தானாகவே செய்யத் தொடங்கிய பிறகுதான் நோயாளியின் முகத்தைப் பார்க்க மனம் ஒழியும்.

கை கழுவுவதற்கு சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செய்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்ட பின் என்று ஐந்து தருணங்கள். கடைசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பி.பி. பார்ப்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் மானம் போவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்தால் ஒன்றுமே கேட்காது. பக்கத்தில் நோயாளியின் மருமகள் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்காததற்குக் காரணங்கள் சாதாரணமானவை: காதுமுனைகள் மூக்கின் பக்கம் சாய்ந்திருக்கவில்லை, கஃப் (கையில் சுற்றும் பட்டை) சட்டைக் கைக்கு மேல் சுற்றப்பட்டிருக்கிறது, முழங்கை மடிப்பில் நாடி எங்கே என்று தேடாமலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாயிற்று. முதலில் மணிக்கட்டு நாடியைப் பிடித்தபடி காற்றடியுங்கள். நாடி எந்த எண்ணில் மறைகிறதோ அதற்கு மேல் இன்னும் 30 புள்ளி ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 புள்ளி இறங்கும் வேகத்தில் காற்றை விடுங்கள். முதல் சத்தம் மேல் எண், சத்தம் மறைவது கீழ் எண். கேட்கவில்லையென்றால் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

எந்த நிலையிலும் 120/80 என்று கற்பனையாக எழுதாதீர்கள். மூச்சு எண்ணிக்கையையும் எண்ணாமலே எல்லோருக்கும் 20 என்று நிரப்புவதை முப்பது கட்டில் சார்ட்டுகளிலும் பார்க்கலாம். நோயாளியின் நிலை மோசமாவதை முதலில் காட்டும் எண்களில் ஒன்று மூச்சுதான். நாடி எண்ணி முடித்ததும் மணிக்கட்டை விடாமல் அப்படியே மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணிவிடுங்கள். "மூச்சு எண்ணப்போகிறேன்" என்று சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். பெரியவர்களுக்கு நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 என்பதைப் பையிலுள்ள நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

4. முதல் நாள் காலை

அரசு மருத்துவமனைகளில் காலைப் பணி பெரும்பாலும் 7 மணி முதல் 1 மணி வரை. ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு வருகிறவர்தான் முதல் டிரெஸ்ஸிங்கைப் பார்த்து மயங்கி விழுவார். மோதிரம், வளையல், நகப்பூச்சு எதுவும் கூடாது.

முதல் அரை மணி நேரத்தில் நோயாளியைப் பார்க்கப் போகாமல் வார்டைப் பாருங்கள். எமர்ஜென்சி டிராலி எங்கே, ஆக்சிஜன் சிலிண்டரின் சாவி எங்கே தொங்குகிறது, சக்‌ஷன் (சளியை உறிஞ்சும் கருவி) எது, தீயணைப்பான், கைகழுவும் குழாய், துணி அறை, நோயாளிகளின் கழிப்பறை எல்லாவற்றையும் நோட்டில் ஒரு கோட்டுப் படமாகப் போட்டுக்கொள்ளுங்கள். "கிட்னி டிரே எடுத்து வா" என்று சொன்னதும் ஓடிப்போய் எடுத்து வரும் மாணவியை அன்று மாலைக்குள் சிஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்.

கழிவு வாளிகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில். டிரிப்ஸ் குழாய், கதீட்டர், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்பில். ஊசி, பிளேடு போன்ற கூர்மையானவை துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி இது சட்டம்; ஆய்வுக்கு வருகிறவர்கள் மாணவரைத்தான் நிறுத்திக் கேட்பார்கள்.

ஹேண்டிங் ஓவர் (ஒரு ஷிஃப்ட் சிஸ்டர் அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) நடக்கும்போது பின்வரிசையில் நிற்காதீர்கள். சொல்லப்படும் சுருக்கங்களில் பாதி புரியாது, பரவாயில்லை. புரியாததைக் குறித்துக்கொண்டு டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு கேளுங்கள். ரவுண்ட்ஸ் நடுவே கேட்டால் நல்ல சிஸ்டர்கூடச் சீறுவார்.

5. நோயாளியிடம் பேசுவது

"வணக்கம் ஐயா, நான் முதலாம் ஆண்டு நர்சிங் மாணவி. உங்களுக்கு பி.பி. பார்க்கலாமா?" என்பதில் தொடங்குங்கள். மாணவி என்பதை மறைக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டால் நோயாளிகள் பெரும்பாலும் இளகிவிடுவார்கள். "கத்துக்கம்மா, எங்க பொண்ணு மாதிரி" என்று கையை நீட்டுகிறவர்கள் அதிகம். வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை, உங்கள் தோல்வி இல்லை. சிஸ்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போங்கள்.

அம்மா, ஐயா, தாத்தா, அக்கா என்று வயதுக்கேற்பக் கூப்பிடுங்கள். "பதினாலாம் பெட்", "அந்த டி.பி. கேஸ்" என்பது நோயாளியின் காதில் விழும்.

பெயரைச் சரிபார்க்கும்போது "நீங்கள் முருகனா?" என்று கேட்கக் கூடாது. காய்ச்சலில் அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் உள்ள பெயரோடும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோடும் பொருத்திப் பாருங்கள். கட்டில் எண்ணை நம்ப வேண்டாம். கூட்டம் மிகுந்த வார்டில் கட்டில்கள் மதியத்துக்குள் மாறிவிடும்.

உறவினர்கள் "டாக்டர் என்ன சொன்னார், பிழைத்துக்கொள்வாரா?" என்று உங்களைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் வார்டிலேயே நின்று பதில் சொல்லும் ஒரே ஆள் நீங்கள். "சிஸ்டரிடம் கேட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி கேட்டும் வாருங்கள்.

ஆண் மாணவர்களுக்கு: பெண் நோயாளியிடம் எந்தச் செய்முறை என்றாலும் அனுமதி கேட்டு, ஒரு பெண் சிஸ்டரோ மாணவியோ உடன் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மாணவிகளுக்கு: யாராவது தகாத முறையில் தொட்டாலோ பேசினாலோ அன்றே டியூட்டரிடம் (கல்லூரி ஆசிரியரிடம்) சொல்லி, எழுத்திலும் கொடுங்கள். கல்லூரியில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

6. மருந்து, ஊசி, டிரிப்ஸ்

மேற்பார்வை இல்லாமல் மருந்து கொடுக்கும் அனுமதி மாணவருக்கு இல்லை. ஆள் பற்றாக்குறையான வார்டில் "இதை நீயே போட்டுவிடு" என்று சிரிஞ்சைக் கையில் தருவார்கள். பெருமையாகத்தான் இருக்கும். வேறொருவர் நிரப்பிய சிரிஞ்சை வாங்கிப் போடாதீர்கள். குப்பியை நீங்களே படித்திருக்க வேண்டும், சிஸ்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடு குப்பியைத் தனியாகத் தொடவே வேண்டாம். அதைக் கலக்காமல் நேராக இரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

இன்சுலின் சிரிஞ்சில் இரண்டு வகை உண்டு: சிவப்பு மூடி மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கு, ஆரஞ்சு மூடி மி.லி.க்கு 100 யூனிட் உள்ள குப்பிக்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நோயாளி தாழ்சர்க்கரையில் சரிந்துவிடுவார். குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிப்ஸ் கணக்கில் திணறாதவர் இல்லை. மொத்த மில்லிலிட்டரைச் செட்டின் (டிரிப்ஸ் குழாயின்) சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 500 மி.லி. நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், செட் மி.லி.க்கு 20 சொட்டு என்றால்: 500 பெருக்கல் 20 வகுத்தல் 240, ஏறக்குறைய நிமிடத்துக்கு 42 சொட்டு. அதே செட் 15 சொட்டு வகையாக இருந்தால் 31. எந்த வகை என்பது உறையிலேயே அச்சாகியிருக்கும், உறையைக் கிழித்து எறியும் முன் பாருங்கள். குழந்தைகள் வார்டில் வரும் மைக்ரோ செட் மி.லி.க்கு 60 சொட்டு.

7. தெரியாததைக் கேட்பது, ஆபத்தைச் சொல்வது

"எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் திட்டு விழும். "ரைல்ஸ் டியூப் ஃபீடிங் (மூக்குக் குழாய் வழியே உணவு) லேபில் பொம்மையில் செய்திருக்கிறேன், நோயாளிக்குச் செய்ததில்லை. இன்று நீங்கள் செய்யும்போது பார்க்கிறேன், நாளை உங்கள் முன்னால் செய்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவருக்கு நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். டியூட்டரைவிட வார்டு சிஸ்டரிடம் இது நன்றாக எடுபடும்.

நோயாளிக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அழகாகச் சொல்லத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். யார், என்ன மாற்றம், எண்கள், என்ன வேண்டும் என்ற வரிசை போதும்: "சிஸ்டர், ஏழாம் பெட் முருகன் ஐயா, குடலிறக்க ஆபரேஷன் இரண்டாம் நாள். காலையில் பி.பி. 120/80, இப்போது 90/60, நாடி 118, வியர்த்துக்கொட்டுகிறது. நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் அவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

8. ஊசி குத்திவிட்டால்

பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். புதியவர்களுக்குக் குத்துவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். அப்படியும் குத்திவிட்டால்:

முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கவோ வாயில் வைத்து உறிஞ்சவோ கூடாது. கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடமும் டியூட்டரிடமும் சொல்லி, நேரத்தோடு எழுதச் செய்யுங்கள். யாருடைய ஊசி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவருடைய இரத்தமும் உங்கள் இரத்தமும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைக்குப் போகும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவெடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசியே குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று அளவில்தான். ஆகவே அழுதுகொண்டு கழிப்பறையில் ஒளிந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். திட்டுவார்கள் என்று மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

9. மயக்கம், மரணம், தூக்கமின்மை

ஆபரேஷன் தியேட்டரில் தலை சுற்றினால், விழும்வரை காத்திருக்காமல் மேசையிலிருந்து பின்னால் நகர்ந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மேசைமேல் விழுந்தால்தான் நினைப்பார்கள். முழங்காலை விறைப்பாக வைத்து வெகுநேரம் நிற்காதீர்கள்.

முதல் மரணம் எந்த வாரத்திலும் வரலாம். அன்று இரவு தூக்கம் வராது. சக மாணவிகளிடம் பேசுங்கள், சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். பல நாட்கள் கழிந்தும் வார்டு வாசலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

10. நோட்டும் கையெழுத்தும் வருகையும்

லாக் புக்கில் (செய்முறைப் பதிவேட்டில்) செய்முறைக்கு அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் அந்த டியூட்டர் விடுப்பில் இருப்பார், அல்லது வேலையை விட்டே போயிருப்பார். கேஸ் ஸ்டடிக்கு நோயாளியைத் தேர்ந்தெடுக்கும்போது, சில நாட்களாவது வார்டில் இருக்கப்போகிறவரைப் பாருங்கள்: சர்க்கரை நோய்க் கால்புண், எலும்பு முறிவு, பெரிய அறுவை சிகிச்சை. காய்ச்சலுக்குச் சேர்ந்தவரை எடுத்தால் பாதி எழுதும் முன் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார். நோட்டில் பெயரின் முதல் எழுத்துகள் மட்டும் போதும், முழுப் பெயர் வேண்டாம். வார்டுக்குள் செல்ஃபி எடுக்கவே எடுக்காதீர்கள்.

வருகைக் கணக்கில் ஏமாறுகிறவர்கள் அதிகம். தேர்வெழுத 80 சதவீதம் போதும் என்பது உண்மைதான். ஆனால் பட்டம் கையில் வர ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 சதவீதம் வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தாலும் அந்த நாட்களை ஈடுசெய்துதான் ஆக வேண்டும், பெரும்பாலும் விடுமுறையில், ஹாஸ்டல் சாப்பாட்டுக் காசோடு. அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் போஸ்டிங் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் வாக்குக் கொடுக்க வேண்டும். ஈடுசெய்த ஒவ்வொரு நாளுக்கும் தேதி, வார்டு, நேரம் எழுதி இன்சார்ஜ் சிஸ்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒரு நகலை உங்கள் கோப்பில் வைத்துக்கொண்ட பிறகு அசலைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுங்கள்.